பொறிக்குள் புக்கை

வெள்ளிக்கிழமை பின்னேரம் எமிலியா டேனிஷ் வகுப்பு முடிந்து வந்தபோது, பூனைப் பொறிக்குள் சர்க்கரைப் புக்கை இருந்தது. வாழையிலைக்கு அந்த ஊரில் எங்கே போவது? அலுமினியத் தாளில்தான் படைத்திருந்தார்கள். கஜு, முந்திரிகை வத்தல் எல்லாம் போட்டு நெய் மணக்க மணக்கப் பொங்கியது. பொறியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கம்பி இடுக்கில் ஊதுபத்தி வேறு புகைந்துகொண்டிருந்தது.

அவள் புத்தகப் பையைப் புல்லில் எறிந்தாள்.

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்து ஓரத்தில், அந்த மாடிக் குடியிருப்பின் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று இருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. ஆளின் நிழல் விழுந்தாலே வேலிக்குள் மறைந்துவிடும். எமிலியா அதற்குக் கள்ளி என்று பேர் வைத்திருந்தாள். குடியிருப்புக் கமிட்டியோ கேக்கும் கோப்பியும் வைத்துக் கூட்டம் போட்டு, காட்டுப் பூனைகளைச் சுடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. தீர்மானத்தை முன்மொழிந்த கனவான் தன் நாய்க்குக் கம்பளிச் சட்டை போட்டு உலாத்துகிறவர். சனிக்கிழமை காலமை துவக்கோடு ஒருவன் வருவான்.

அதற்கு முன் கள்ளியைப் பிடித்தாக வேண்டும். பூனைக் காப்பகத்து இங்கர் கம்பிப் பொறியொன்றை இரவல் கொடுத்து விளக்கமும் சொல்லியிருந்தாள். முதலில் கதவை மேலே கட்டிவிடு. காலில் கம்பி குத்தாமல் பேப்பர் விரி. சாப்பாட்டை வாசலில் வைத்து, நாளுக்கு நாள் உள்ளே தள்ளிக்கொண்டு போ. கடைசி நாள் பட்டினி போட்டுவிட்டு, அடுத்த நாள் கதவின் கட்டை அவிழ்த்துவிடு. பூனை உள்ளே மிதித்துக் கதவு விழுந்த உடனே துணியால் மூடு, இருட்டில் அடங்கிவிடும். ஆள் நடமாட்டம் கூடவே கூடாது. ஒருமுறை வெருண்டால் பிறகு அந்தப் பக்கமே வராது. பிடித்துத் தந்தால் வைத்தியரிடம் காட்டிக் குட்டி போடாமல் செய்து, விபோர்க் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் விடுவது தன் பொறுப்பு என்றாள்.

எமிலியா டின் மீன் வைத்து எல்லாம் செய்தாள். நேற்றுக் கள்ளி வெறும் தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு அவளுடைய குசினி யன்னலை நிமிர்ந்து பார்த்தபோது, அவளுக்கே சோறு இறங்கவில்லை. அந்தப் பட்டினிக்குப் பலன் இந்தப் புக்கையா?

"ஆர் செய்த வேலை இது?"

புருஷன் செல்வரட்ணம் டை கட்டிக்கொண்டு நின்றான். அவன் அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் உப செயலாளர். "நான் தலைவரிட்டைச் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். அவர் அதை விழாவாக்கிப் போட்டார். பேப்பர்க்காரரும் வாறார்."

தலைவர் குணசேகரத்தார் மூன்று பேர் சேர்ந்த இடத்தில் நான்கு பதவி உண்டாக்கக் கூடியவர். வெள்ளைக் கோட்டும் சூட்டுமாக முன்னால் வந்தார்.

"தங்கச்சி, உங்கட முயற்சியைப் பாராட்டுறன். ஆனா வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சங்க நிகழ்ச்சியிலை மச்சம் வைக்கேலாது."

எமிலியா வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விட்டு மீன் சமைக்கிற கத்தோலிக்க வேதக்காரி. அவர் அன்றைக்கு மீன் என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காமல் மச்சம் என்கிற சைவக்காரர்.

"கள்ளி எப்ப அண்ணை உங்கட சங்கத்திலை சேர்ந்தது?"

"பகிடி விடாதேங்கோ. சீவகாருணியம் செய்யிற இடத்திலை இன்னொரு சீவனைக் கொண்டுவந்து வைக்கலாமோ?"

"அது செத்து டின்னுக்குள்ளை போய் எவ்வளவு காலம்!"

"இது பூனைப் பிரச்சினை இல்லைத் தங்கச்சி. இனத்தின்ரை மானம்."

அவருக்குப் பின்னால் கொட்டில் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு சீலை தொங்கியது: 'டென்மார்க் தமிழ் அகதிகளின் சீவகாருணியப் பெருவிழா'. எமிலியா உற்றுப் பார்த்தாள். ஓரத்துத் தையல் அவளுடையது. பொறியை மூடவென்று எடுத்து வைத்த படுக்கை விரிப்பு!

"நல்ல வெள்ளையாக் கிடந்தது," என்றான் செல்வரட்ணம் மெல்ல.

பேப்பர்க்காரன் வந்தான். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. தலைவர் தொண்டையைச் செருமி, ஈ எறும்புக்கும் இரங்கும் இனம் நம் இனம் என்று தொடங்கினார். அவர் நீட்டி முழக்கியதை உப செயலாளர் டேனிஷில் ஒவ்வொரு வரியாகச் சுருக்கினான். அப்போதுதான் வேலிக்கடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. கள்ளி. பசி அதை அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி.

"...என்று கூறி அமர்கிறேன்!" அமர ஒரு கதிரையும் இருக்கவில்லை. சங்கக் கமிட்டி படபடவென்று கைதட்டியது.

கண்கள் இல்லை.

எமிலியா நேரே போய்ப் புக்கையை இழுத்துப் புல்லில் கொட்டினாள். ஊதுபத்தியை முறித்தாள். கோட்டுப் பையிலிருந்து தக்காளிக் குழம்பில் ஊறிய மீன் டின்னை எடுத்து மூடியைக் கிழித்தாள்.

"தங்கச்சி! வெள்ளிக்கிழமை!" தலைவர் பாய்ந்து டின்னைப் பிடித்தார். அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் பாதி மீன் டின்னிலும் பாதி மீன் தலைவரின் வெள்ளைக் கோட்டிலும் நின்றது. பேப்பர்க்காரன் அன்றைக்கு முதல் தடவையாக உற்சாகமாகக் கமராவைத் தூக்கினான்.

"தோய வேணும்! உடனே தோய வேணும்!" தலைவர் நடந்தார். தலைவர் எங்கே போனாலும் பின்னால் போகிற கமிட்டி, குளிக்கவும் பின்னால் போனது.

என்ன நடந்தது என்று பேப்பர்க்காரன் கேட்டான். செல்வரட்ணம் யோசித்து, "குல்டூர்," என்றான். பண்பாட்டுக்கு அவனுக்குத் தெரிந்த டேனிஷ் சொல் அதுதான்.

எமிலியா சுடுதண்ணீர் கொண்டுவந்து சந்தனம் போகப் பொறியைத் தேய்த்தாள். துடைத்தாள். புதுப் பேப்பர் விரித்து மீதி மீனைக் கடைசி முனையில் வைத்துக் கதவை ஏற்றினாள். குசினி யன்னலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எமிலி, இனி வருமோ?" என்றான் செல்வரட்ணம்.

"வாயைத் திறந்தியளெண்டால் அடுத்த பொறி உங்களுக்குத்தான்."

வெளிச்சம் மங்கியது. அவளுக்குப் பல் நறநறத்தது. கள்ளி வராவிட்டால், நாளைக்கு அந்தத் துவக்குக்காரனோடு தலைவரின் பெருவிழாவையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

வேலி அசைந்தது. கள்ளி வந்து பொறியைச் சுற்றியது. சந்தனம் இருந்த இடத்தை மணந்து, தலையை உதறிப் பின்வாங்கியது. எமிலியா மனசுக்குள் குணசேகரத்தாரின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். கள்ளி திரும்ப வந்தது. கழுத்து உள்ளே. தோள் உள்ளே. வால் உள்ளே.

கதவு விழுந்தது.

பூனை கம்பியில் மோதிச் சீறியது. எமிலியா வெறுங்காலோடு ஓடினாள். மூட என்ன இருக்கிறது? சுவரில் தொங்கிய பெருவிழாவை ஒரே இழுவையாக இழுத்துப் பொறிமேல் போர்த்தாள். சீறல் தணிந்தது. பிறகு நின்றது. துணிக்குள்ளிருந்து மீன் தின்னும் சத்தம் கேட்டது.

செல்வரட்ணம் பின்னால் வந்து நின்றான். "சீலை எங்கையெண்டு தலைவர் கேட்டால் என்ன சொல்லுறது?"

எமிலியா துணி காற்றில் பறக்காமல் ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

"விழா நடக்குதெண்டு சொல்லுங்கோ. ஒராள்தான் வந்தவ. புக்கை தொடேல்லை எண்டும் சொல்லுங்கோ."