டைகருக்குப் பிஸ்கட் கொடுத்தவன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பழவேற்காட்டுப் படகுத்துறையில், இறால் வறுவலுக்குக் காத்திருந்த நேரத்தில். துறையோரம் ஓர் இளங்குதிரை கட்டியிருந்தது. அதன் வாயில் பழைய நண்டு வலையை மடித்துத் தைத்த ஒரு பை. ஒரு பெண் அதன் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அருகே போனேன்.

"கடிக்காதுக்கா," என்றாள். பிறகு, "ஆனா கிட்ட வராதீங்க."

அவ்வளவுதான். இறால் வந்துவிட்டது, கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து எப்படி வந்திருக்கும் என்று யோசித்ததில் வந்ததுதான் கீழே இருக்கும் எல்லாம். நான் குடும்பக் கதை எழுதுகிறவள். புருஷன், மாமியார், நாத்தனார் இல்லாமல் எனக்கு யோசிக்க வராது. ஆனால் இதில் கேள்வி ஒன்றுதான்: அந்தக் குதிரை அவளோடு இருக்குமா, போய்விடுமா?

2

முதல் தொடக்கம்: "பூநாரைகள் சிறகு விரிக்கும் ஏரிக்கரையில், தேன்நிலவு முடிந்து திரும்பிய அந்தப் புதுமணப்பெண்ணின் வாழ்வில் ஒரு குதிரை

வேண்டாம். பழவேற்காட்டு மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்தில் யார் தேன்நிலவுக்குப் போனார்கள்?

இரண்டாவது தொடக்கம்: "மனோஜ் கெட்டவன் இல்லை."

இதை வைத்துக்கொள்கிறேன். இப்படித் தொடங்கினால் கடைசிவரை அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறுமை மிஞ்சும்.

மனோஜ் கெட்டவன் இல்லை. கடலுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி பார்க்க வரும் சென்னைக்காரர்களைச் சவாரி ஏற்றலாம் என்று ஒரு யோசனை. கடற்கரையில் குதிரை விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து இரண்டு வயதுக் குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். டைகர் என்று பெயர் வைத்தான். (குதிரைக்குப் போய் அப்படிப் பெயர் வைப்பானா என்று என் மகள் கேட்டாள். வைப்பான். அவன் படகின் பெயர் ஏரோப்ளேன்.)

"யாரு இத பாத்துக்கறது?" என்று கேட்டாள் அவன் மனைவி வெண்ணிலா.

"நாம ரெண்டு பேரும்தான்," என்றான் மனோஜ்.

(கல்யாணமான வாசகிகள் இங்கே சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.)

3

குதிரைக்கு என்ன வைப்பது? குதிரையையே பார்த்திராத ஊரும் சொல்லும் ஒரே பதில், கொள்ளு. வெண்ணிலாவும் கொள்ளை ஊறவைத்து வேகவைத்து, மண் அள்ளும் இரும்புப் பாண்டில் போட்டாள். டைகர் பாண்டை நக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். இன்னும் போடுவாள். மற்ற நேரமெல்லாம் அது பூவரச மரத்தடியில் கட்டிக் கிடந்தது. அவிழ்த்தால் ஓடிவிடும் என்று மனோஜ் சொல்லியிருந்தான்.

ஒருநாள் காலையில் அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. விழுந்து புரண்டது. வெண்ணிலா அழுதுகொண்டே பொன்னேரி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வந்து ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார். குதிரை எழுந்து நின்ற பிறகுதான் திட்டினார்.

"இன்னாமா நீ, கட்டிப் போட்டு விருந்து வச்சா உனக்கும்தான் வயிறு நோவும். புல்லுதான் இதுக்குச் சோறு. கொள்ளு ஊறுகா மாதிரி. அவுத்து வுடு, நடக்கட்டும்."

ஊறுகாய் என்று சொன்னது அவளுக்கு நன்றாகப் பிடிபட்டது. உள்ளூர் வயல் வரப்புகளில் கேட்டுப் புல் அறுத்தாள். மீன்கூடை ஏறும் ஷேர் ஆட்டோவில் புல்லுக்கட்டோடு ஏறி வந்தாள். மாமியார் பொன்னியம்மாள் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கொள்ளுன்னா வாயத் தொறக்குமாம், கடிவாளம்னா மூடிக்குமாம். இந்த வூட்ல ரெண்டு குதிர இருக்குது."

"அப்ப நாளைக்கு ரெண்டுக்கும் சேத்து நீங்களே புல்லு அறுத்தாந்துடுங்க அத்தை."

விடிந்ததும் ஏரிக்கரை மேட்டில் நீளக் கயிற்றில் மேயவிட்டாள். சில வாரம் கழித்துக் கயிறில்லாமலே. டைகர் ஓடவில்லை. வெள்ளாடுகளோடு நின்று மேய்ந்தது, மணலில் துள்ளியது, கூப்பிட்டால் வந்தது. அவள் நடந்தால் பின்னாலேயே நடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேச்சைக் கேட்கும் ஓர் உயிர் கிடைத்ததில் வெண்ணிலாவின்

இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். முடித்தால் டைகர் அவள் சோகத்துக்கு உவமையாகிவிடும். அவளுக்குப் பிடித்ததே அது வெறும் குதிரையாக இருந்ததுதான்.

4

மனோஜ் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருப்பான். டைகர் மூக்கால் முட்டித் தேடி எடுக்கும். அப்புறம் பிஸ்கட்டைத் தன் பல்லில் கவ்விக்கொண்டு குனியத் தொடங்கினான். குதிரை அவன் உதட்டை உரசி வாங்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கைதட்டியது, போனில் படம் எடுத்தது. குப்பமே நின்று பார்த்தது. வாரம் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் வலை இழுக்கிறவனுக்கு அந்தக் கைதட்டல் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. (ஆண்களைப் புரிந்துகொள்வது என் தொழில் வியாதி.)

பிஸ்கட் இல்லாத நாளில் டைகர் சட்டையைக் கவ்வியது. பிறகு சதையை.

"கையில குடுக்காதீங்க, பாண்டுல போடுங்க. அது ஆளையே தீனின்னு நெனைக்குது."

"வெளையாடுதுடி."

"வெளையாடின எடத்த பாருங்க," என்று தன் தோளைக் காட்டினாள். கருநீலமாகக் கன்றியிருந்தது.

மனோஜ் பார்த்தான். "உன்ன லவ் பண்ணுது போல," என்று சிரித்தான்.

என் பழைய நாவல்களில் இந்த இடத்தில் அவளும் சிரித்திருப்பாள்.*

* சிரிக்க வைத்திருப்பேன் என்பதே சரி.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா சுண்ணாம்புக்குளத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். "காலையில மேய வுட்டுட்டு அப்புறமா சவாரிக்கு இட்டுனு போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மனோஜ் அவிழ்க்கவில்லை. மேய்ந்தால் உடம்பெல்லாம் சேறாகும், கூட்டம் வருகிற நாள். பளபளவென்று தேய்த்துக் குளிப்பாட்டி, துடிப்பாக இருக்கட்டும் என்று கொள்ளை அள்ளி வைத்து, துறையில் வெயிலில் கட்டினான்.

மனோஜின் அக்கா கஸ்தூரிக்கு ஏழு வயதில் ஒரு மகள், நிவேதா. மாமா செய்ததைத்தான் அவளும் செய்தாள். அவள் வாயில் பிஸ்கட் இல்லை. முகத்தை மட்டும் நீட்டினாள்.

கன்னத்தில் தையல். தழும்பு நிற்கும் என்றார்கள்.

(காயத்தைச் சின்னதாக்கி எழுதிப் பார்த்தேன். காயம் சின்னதானால் எல்லோரும் சுலபமாக நல்லவர்களாகிவிடுகிறார்கள்.)

அன்றே மனோஜ் நண்டு வலையில் பை தைத்து டைகரின் வாயில் கட்டினான். நான் துறையில் பார்த்தது அதற்குப் பிறகு.

6

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் கஸ்தூரி மகளைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"யாரு அதுக்குக் கடிக்கப் பழக்குனது?"

அந்த அறையில் ரகசியம் எதுவும் இல்லை. பொன்னியம்மாளுக்குத் தெரியும். கேட்ட கஸ்தூரிக்கே தெரியும், தம்பி பிஸ்கட் கொடுக்கும் படம் அவள் போனில் இருந்தது. கன்னத்தில் கட்டோடு தோளில் சாய்ந்திருந்த நிவேதாவுக்கும் தெரியும். யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மனோஜ் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "தீனி வைக்கறதெல்லாம் அவதான்க்கா. நான் கடலுக்குப் போறவன், எனக்கு இன்னா தெரியும்?"

வெண்ணிலா அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"உனக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்டி இந்த நோவு," என்றாள் கஸ்தூரி.

வாசலில் அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் அனுப்பியது; டைகரை அவருக்கு மனோஜ் விலை பேசிவிட்டிருந்தான். இனி டைகருக்குப் பட்டாசும் பேண்டும் ஜெனரேட்டர் வெளிச்சமும். கடிக்குமே என்று பொன்னியம்மாள் கேட்டதற்கு, "அங்க அடிச்சி வழிக்குக் கொண்டாந்துடுவாங்க" என்றான் மனோஜ்.

முடிவு அ: மனோஜ், "நான்தான்க்கா பழக்குனேன்" என்கிறான். என் வாசகிகள் கேட்பது இதைத்தான். திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பேசியது நான்தான், ஆண்குரலில்.

முடிவு ஆ: வெண்ணிலா சொல்லிவிடுகிறாள். "கட்டுன புருசனையே காட்டிக் குடுக்கறா பாரு" என்கிறாள் மாமியார். குதிரை எப்படியும் போகிறது.

முடிவு இ: நிவேதா சொல்கிறாள். மாட்டேன். பெரியவர்கள் விழுங்கியதைக் குழந்தையின் வாயிலிருந்து வரவழைப்பது எங்கள் தொழிலில் மலிவான தந்திரம். அதுவும் கன்னத்தில் தையல் போட்ட குழந்தை.

இப்படி நான் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே வண்டிக்காரர் கத்தினார். "யோவ், பலக மேல காலே வைக்க மாட்டேங்குது! யாரு சொன்னா கேக்கும் இது?"

மனோஜ் அப்போதுதான் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"வெண்ணிலா, நீ கொஞ்சம் வந்து ஏத்தி வுடேன். நீ சொன்னா கேக்கும்."

குரலில் கெஞ்சல் இருந்தது. அன்புகூட இருந்தது. இல்லையென்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

அவள் முன்னால் நடந்தால் டைகர் ஏறிவிடும். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நடந்தாளா, எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போகிறவள் நானாக இருப்பேன். அந்த வேலைக்கு அங்கே ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை உட்கார வைக்கத்தான் உங்களுக்கும் ஆசை இருக்கும். வையுங்கள். அதற்கப்புறம் அந்த அறையில் யார் முதலில் பேசுவார்கள், என்ன பேசுவார்கள் என்பதையும் நீங்களேதான் எழுத வேண்டும்.