துரையின் றங்குப்பெட்டி

தென்னந்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய் ஆறு வருடமாகிவிட்டது. போகும்போது, இங்கிலாந்திலும் இங்கேயும் தன் பரம்பரைக்கு இருந்த காணிகளின் உறுதிப் பத்திரங்களையெல்லாம் ஒரு தகர றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். பெட்டியைத் தென்னந்தோட்டக் காவற்காரர் ஏரம்புவின் வீட்டில் வைத்து, "நான் வரும்வரை கவனம்" என்றார்.

ஏரம்பு அதோடு நின்றாரா? வற்றாப்பளை அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் பண்ணினார். பெட்டியை ஒருவரும் திறக்கக் கூடாது. அது இருக்கும் வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

முதல் மூன்று வருடம் ஆளாக இருந்தவள் அவர் மனைவி. அவள் கண்மூடியதும் மகள் விமலேஸ்வரியை எட்டாம் வகுப்போடு மறித்துவிட்டார்.

திங்கட்கிழமை, முள்ளியவளைப் பள்ளிக்கூடத்து இராசேஸ்வரி ரீச்சர் வேலிப் படலையில் வந்து நின்றா.

"அண்ணை, பிள்ளையைத் திரும்பச் சேர்க்கலாம். வெள்ளிக்கிழமைதான் கடைசி. இனியும் விட்டா வயசு கூடிப்போம், எடுக்கமாட்டினம்."

"அப்ப பெட்டியை ஆர் பாக்கிறது, ரீச்சர்?"

"அதையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். முன் வாங்கிலை இருத்துவம்."

ஏரம்பு சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்தால் என்ன வரும் என்று விமலேஸ்வரிக்குத் தெரியும்.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றும் அவளுக்குத் தெரியும். பெட்டி மூடியின் பின்பக்கப் பிணைச்சல் துருப்பிடித்து, அதன் ஊசி கையோடு கழன்று வரும்; பூட்டைத் தொடாமலே மூடியைத் தூக்கலாம். இரண்டு வருடமாக, அவர் வயலுக்குப் போன பகல்களில், பள்ளிக்கூட ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உறுதியாக வாசித்துவந்தாள். ஆட்டுத்தோலில் எழுதி அரக்கு முத்திரை வைத்தவை அடியில் கிடந்தன. ஒன்றில், இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு தகப்பன் தன் மகள் ஹரியட்டுக்கு ஓர் அறை எழுதியிருந்தான். கலியாணமாகாமல் அந்த வீட்டிலேயே இருக்கும்வரைதான் அறை அவளுடையது. அந்தத் தாளை விமலேஸ்வரி பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது கொழும்பு நொத்தாரிசு எழுதிய விற்பனை உறுதி. தென்னந்தோட்டத்தைத் துரை கப்பலேறுவதற்கு முந்திய வருடமே ஒரு வியாபாரிக்கு விற்றிருந்தார்.

வியாழக்கிழமை பின்னேரம், தோட்டம் விற்றுப்போன கதையை அவள் தகப்பனிடம் துணிந்து சொன்னாள். அடி விழும் என்று நினைத்தாள். அடியோடு முடிந்து, மறுநாள் பள்ளிக்கூடம் போகலாம் என்றும் நினைத்தாள். விற்ற தோட்டத்தின் உறுதிக்கு எதற்குக் காவல்?

ஏரம்பு அடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டார்.

"அப்ப இந்த வீடு?"

"வீடும் தோட்டத்துக்குள்ளதானே, அப்பு." சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

"வாங்கினவன் இன்னும் இந்தப் பக்கம் வரேல்லை. மறந்துபோனானோ, செத்துப்போனானோ. எப்பிடியோ, நாங்கள் நினைப்பூட்டக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"பள்ளிக்கூடம் போனா சொல்லுவாய்."

"சத்தியமாச் சொல்லமாட்டன், அப்பு."

"பெட்டியைத் திறக்கக் கூடாதெண்டும் சொன்னனான். திறக்காமலோ இருந்தனி?"

விமலேஸ்வரி பிணைச்சல் ஊசியை உருவி அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் ரீச்சர் வந்தா. ஏரம்பு வெளியே வரவில்லை. "நீயே போய்ச் சொல்லு" என்று உள்ளிருந்து சொல்லிவிட்டு, பிணைச்சலுக்குப் புது ஆணி அறைந்துகொண்டிருந்தார்.

"எனக்கு விருப்பமில்லை, ரீச்சர்."

"உனக்கோ? பொய் சொல்லாதை, பிள்ளை. உண்மையில என்ன நடந்தது?"

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. காது கொடுத்துக் கேட்கிறார்.

"ஒண்டுமில்லை" என்றாள் விமலேஸ்வரி.

ரீச்சர் குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் போனா. அவவின் குடை வேலி முடக்கில் மறைந்ததும், விமலேஸ்வரி படலையைச் சாத்தி, கயிற்றை உள்பக்கமாக இழுத்துக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் சுத்தியல் மறுபடி கேட்டது.