மேஸ்திரிக்கு மாத்திரை

துண்டைக் கையில் எடுத்தாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இப்போது துண்டுகூட வேண்டாம், நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தமே போதும். நாள் முழுக்க மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் இடத்தில் நின்றுகொண்டே மடித்து அடுக்கிவிட்டு, கால் இரண்டும் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தால், முதல் வேலையாகத் தரையில் குப்புறப் படுத்து ஒரு பூனையைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

மேஸ்திரி என்று அதற்குப் பெயர் வைத்தது என் கணவர். ஒரு மழை நாளில் சுவரேறிக் குதித்து வந்தது. ஈரக் காலோடு சமையலறை, கூடம், குளியலறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, இங்கே ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதுபோல் எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நேராக வந்து என் மடியில் சுருண்டுகொண்டது. அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் என் மடிதான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நான் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு வாசற்படியில் காத்திருக்கும். இந்த வீட்டில் என்னை எல்லோரும் தேடுவார்கள், சாவி எங்கே, சீப்பு எங்கே என்று. ஒன்றுமே கேட்காமல் சும்மா என்னைத் தேடி வந்தது இது மட்டும்தான். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொன்னதில்லை.

ஒரு நாள் தெருப்பூனை ஒன்றோடு மல்லுக்கு நின்று கன்னத்தில் கடி வாங்கி வந்தது. மறுநாளே முகம் ஒரு பக்கமாக வீங்கிவிட்டது. பல்வலிக்கு அவர் வாங்கி மிச்சம் வைத்திருந்த மாத்திரை அலமாரியில் கிடந்தது. மனுஷனுக்குக் கேட்பது பூனைக்குக் கேட்காதா, ஒரு துண்டு கிள்ளிப் போடு என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கூடையில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, வீட்டில் இருந்த மாத்திரை எதையாவது கொடுத்தீர்களா என்றுதான். இல்லை என்றதும் மூச்சை விட்டார். நம் மருந்து வேறு, அதன் உடம்பு வேறு, அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து என்றார். சீழை எடுத்துச் சுத்தம் செய்து, அட்டையில் மாத்திரை கொடுத்து, காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்றார்.

"மேல ஆறின மாதிரி இருக்கும், உள்ள ஆறியிருக்காது. அட்டை முடியிற வரைக்கும் நிறுத்திடாதீங்கம்மா. மாத்திரை போட்டதும் மறக்காம தண்ணி குடுங்க. தொண்டையில ஒட்டிக்கிச்சுன்னா அங்க புண்ணாயிடும்."

மீனுக்குள் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துடைத்துவைத்ததுபோல் தட்டிலேயே விட்டுப்போனது. மேஸ்திரி ஆயிற்றே, கலப்படம் தெரியாமல் போகுமா. கடைசியில் என் தொழில்தான் கைகொடுத்தது. துண்டை விரித்து, அதை நடுவில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு. தலை மட்டும் வெளியே தெரியும். கடைவாயில் விரலைக் கொடுத்துத் திறந்து, அடிநாக்கில் மாத்திரையைப் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவ வேண்டும். விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அவிழ்த்துவிட்டதும் அது திரும்பிப் பார்க்கும் பார்வைதான் தாங்கவில்லை.

வீக்கம் வடிய வடிய அது என்னைவிட்டு விலகிக்கொண்டே போனது. வாசற்படியில் காத்திருப்பது நின்றது. நான் கூடத்துக்கு வந்தால் சமையலறைக்குப் போனது. அப்புறம் ஒரு நாள் வேலைவிட்டு வந்து பார்த்தால், டிவிக்கு முன்னால் அவர் மடியில் சுருண்டு கிடக்கிறது. அவர் பெருமையாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

புண்தான் ஆறிவிட்டதே, பாவம், அதை விட்டுவிடேன் என்றார் தினமும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கன்னம் காய்ந்து, அதன்மேல் புது மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டால் நாளைக்கே என்னிடம் வந்துவிடும் என்று தோன்றியது. உள்ளே ஆறியிருக்காது என்ற அந்தக் குரல்தான் விடவில்லை.

இந்த வீட்டில் கசப்பையெல்லாம் ஊட்டியது நான். மகளுக்குக் காய்ச்சல் மருந்து, மாமியாருக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து, எல்லாவற்றுக்கும் என் கைதான். மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றியது நான், அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே காற்றாட நடந்தது அவர். மகள் இன்றைக்கும் போன் செய்தால், "அப்பா இருக்காரா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இன்று அட்டையில் கடைசி அரை மாத்திரை. வேலையில் நீராவி இயந்திரம் பழுதாகி, எல்லாவற்றையும் கையால் தேய்க்க வேண்டியிருந்ததில் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. என் செருப்புச் சத்தத்துக்குக் கட்டிலடியில் பதுங்கிய மேஸ்திரி, அதற்குள் அவர் மடிக்கு வந்திருந்தது.

"இன்னைக்கு ஒரு தடவை நீங்க குடுங்களேன். எப்படின்னு நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே சொன்னார்.

"நான் குடுத்தா அப்புறம் எங்கிட்டயும் வராதே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. அப்படியானால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. மருந்து கொடுக்கும் கைக்கு என்ன ஆகும் என்பது இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது. துண்டை எடுத்தேன், அவர் மடியிலிருந்தே மேஸ்திரியை அள்ளினேன். மடித்தேன், கொடுத்தேன், தொண்டையைத் தடவினேன், தண்ணீர் விட்டேன். அவிழ்த்ததும் கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிட்டது.

காலி அட்டையைக் கசக்கிப் போட்டுவிட்டுச் சமையலறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். உலை வைக்க வேண்டும், எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிலைப்படியில் ஓர் அசைவு. மேஸ்திரி வந்து, எனக்கு எட்டாத தூரம் பார்த்து உட்கார்ந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தது. நான் இரண்டு கைகளையும் தரையில் மல்லாத்தி, விரல்களை விரித்து வைத்தேன்.

"ஏம்மா, என் பிரஷர் மாத்திரை எங்க வச்ச?" என்று கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

மேஸ்திரியின் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி என் பக்கம் வந்தது. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். நான் கைகளை எடுக்கவில்லை.