வாத்துக்குத் தனித் தொட்டி

அன்று காலை கொட்டகைக்குள் இருந்தவர்கள் நான்கே பேர்: வீட்டுக்கு மூத்தவரான பெரியம்மா, அவருடைய தம்பி, தீவனக்கடைக்காரர், கால்நடை டாக்டரம்மா. கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் மற்றவர்கள் வேலிக்கு வெளியேகூட நிற்கவில்லை.

கோழிக்குஞ்சுகளும் வான்கோழிக்குஞ்சுகளும் காலுக்குள் புகுந்து ஓடின. வாத்துக்குஞ்சுகள் ஏழும் மட்டும் எழுந்து நிற்க முடியாமல், இறக்கையை ஊன்றி வைக்கோலில் நகர்ந்தன. தொற்றுநோய்தான், மொத்தக் குஞ்சுகளையும் இன்றே கொன்று புதைத்துவிட்டால் விஷயம் வெளியே போகாது என்றார் கடைக்காரர். இல்லாவிட்டால் முட்டைக்கு ஒரு ஆள் வாசலை மிதிக்கமாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார். தம்பி மண்வெட்டியே எடுத்து வந்துவிட்டார்.

"மண்வெட்டியக் கீழ வைடா. ஊர் வாய்க்குப் பயந்து உயிரோட இருக்கறத நான் புதைக்க மாட்டேன்" என்றார் பெரியம்மா.

டாக்டரம்மா ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக் காலை நீட்டிப் பார்த்தார். இவற்றுக்கு என்ன போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மாவுக்கு அதைச் சொல்வதில் பெருமைதான். அந்த வீட்டில் எஜமானுக்கும் வேலையாளுக்கும் ஒரே அடுப்பு, ஒரே சோறு. கொட்டகையிலும் அதுவே சட்டம். எல்லாக் குஞ்சுகளுக்கும் நீளமாக ஒரே தொட்டி, ஒரே கோழிக்குஞ்சுத் தீவனம்.

"எங்க வீட்ல பந்தியில பாகுபாடு கெடையாது."

"அதுதாம்மா கால மடக்கிருச்சு" என்றார் டாக்டரம்மா. வாத்துக்குஞ்சுக்கு நயாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட இரண்டு பங்கு வேண்டும், அந்தத் தீவனத்தில் அது போதாது, மற்றபடி ஒட்டுகிற நோய் எதுவும் இல்லை என்று விளக்கினார்.

தம்பி சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பினார். இவர்தானே விற்றார் என்றார். பெரியம்மா கையை உயர்த்தினார்.

"மூட்டையில கோழிப் படம்தான் போட்டிருக்கு. அத வாத்துக்குக் கொட்டினது என் கை. தப்பு என்னோடது." பிறகு கடைக்காரரைப் பார்த்தார். "நோய்னு சொன்னது உங்க வாய். அத நீங்க பாத்துக்கங்க."

அன்றே ஒரு தனித் தொட்டி வந்தது. வைட்டமின் பொடி கலந்த தீவனம், மசித்த பட்டாணி, பக்கத்திலேயே தண்ணீர். மூக்கை நீட்டிய கோழிகளைப் பெரியம்மா கம்பும் கையுமாக உட்கார்ந்து விரட்டினார்.

பன்னிரண்டாம் நாள், உச்சிப்பொழுதில் வெளிக்கதவைத் திறந்து, ஏழு குஞ்சுகளையும் தீவனக்கடை வழியாகவே குளத்துக்கு ஓட்டிப்போனார். குறுக்குப் பாதை இருந்தது. அதில் போகவில்லை. கடைக்காரர் தராசுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

செத்த குஞ்சுகளை மறைத்துவிட்டு, சந்தையில் வேறு ஏழு வாங்கி ஓட்டிக்காட்டினார் என்று ஒரு பேச்சு இன்னும் உலாவுகிறது. பொய். அவை அதே ஏழு. கடைசியாகப் போகும் கறுத்த அலகுக்காரன் இன்னமும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான். புதிதாக வாங்கியது தொட்டி மட்டுமே.