கழிக்காமல் விட்டது

அப்பாவின் இடது கன்னத்து நுரையை ஹன்னெலே வழித்துக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணைத் திறக்காமலே, "பேப்பர் எடு. ஒரு கடுதாசி எழுதணும்" என்றார்.

"பாதி முகத்தோடயா?"

"மீதிப் பாதிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் இவ்வளவு பேசி மூன்று நாளாயிற்று. காலையில் வந்த செவிலி நீலம் பாய்ந்திருந்த அவருடைய கால்விரல்களைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எங்கயும் போயிடாதீங்க" என்று நடையில் வைத்து மெல்லச் சொல்லியிருந்தாள். தீவுகளுக்குப் போகும் படகில் வேலை பார்க்கும் ஹன்னெலே ஏற்கெனவே ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஔரா ஆற்றில் பனிப்பாளங்கள் உடைந்து, ஒன்றையொன்று இடித்தபடி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

அவள் ரேசரை வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். அப்பா ஆர்னோ நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆராய்ச்சி இதழின் ஆசிரியருக்கு. 1987இல் வெளியான என் கட்டுரையில் ஒரு பிழை உள்ளது. திருத்திய சமன்பாடு இது.

"இங்க காமாங்கற கிரேக்க எழுத்தைப் போடு."

"அது எப்படி இருக்கும்?"

"ஒய் மாதிரி. வால் மட்டும் சுருண்டிருக்கும்."

"சுருட்டிட்டேன். என்ன பிழைப்பா? எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க."

அவர் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "உன் படகுல இன்ஜினை அணைச்சா என்ன ஆகும்?"

"கொஞ்ச தூரம் போய் நின்னுடும்."

"அந்த வேகம் எங்க போச்சு?"

"தண்ணிக்கு."

"அதேதான். அணுவோட உலகத்துலயும் அப்படித்தான். தனியா ஒரு துகள் இருந்தா எதுவும் தொலையாது. சுத்தியிருக்கிறதெல்லாம் அதைத் தொட்டுக்கிட்டே இருக்கறதால சக்தி கசியுது. அதுதான் உராய்வு. சின்னத் துகள் ஏற முடியாத சுவரைக்கூடக் கடந்து அந்தப் பக்கம் போயிடும். உராய்வு இருந்தா இன்னும் சுலபமா போகும்னு நான் எழுதினேன்."

"போகாதா?"

"கஷ்டமாத்தான் போகும். சுத்தியிருக்கிறது அந்தச் சுவரையே கொஞ்சம் தாழ்த்திடுது. அதைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடணும். நான் கழிக்கல. எழுது. இந்தப் பிழையைப் பின்னர் கண்டறிந்தேன்."

ஹன்னெலே எழுதினாள். பிறகு, "எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

அவர் போர்வை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"அப்பா. நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

"ரைலி" என்றார் அவர்.

ஹன்னெலேவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, அப்பாவின் ஆராய்ச்சி மாணவி ரைலி சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாள். சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துத் தின்றபடி அப்பாவோடு சண்டை போடுவாள். ஹன்னெலேவுக்குப் பனிச்சறுக்குக் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஒருநாள் வருவது நின்றுபோயிற்று. கேட்டதற்கு, "அவளுக்கு இயற்பியல் வராது" என்றார் அப்பா. அந்த வாக்கியத்தைப் பள்ளியில் பிற பெண்களைப் பற்றி ஹன்னெலேவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"அவ வந்து சொன்னாளா?"

"கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு முந்தின வாரம். மூணு பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டினா."

"நீங்க?"

"வேற வழிகாட்டியைப் பார்த்துக்கோன்னு சொன்னேன். வேற யாரும் எடுத்துக்கல. எடுத்துக்காத மாதிரி நான் பார்த்துக்கிட்டேன்."

ஹன்னெலே பேனாவை மூடினாள். "அவ பேரு இல்லாம நான் எழுத மாட்டேன்."

ஆற்றில் ஒரு பெரிய பாளம் பாலத்தின் தூணில் மோதித் திரும்பியது. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். காதுக்குக் கீழே நுரை காய்ந்துபோயிருந்தது.

"எழுது" என்றார் கடைசியில். "கண்டறிந்தவர், ரைலி கோஸ்கினென். நான் தடுத்தேன் என்றும் எழுது."

எழுதி முடித்துப் பேனாவை அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். அவர் மறுப்பாகத் தலையை அசைத்தார். "அவ முதல்ல பார்க்கட்டும். தப்பு இருந்தா அவதான் சொல்லுவா. அப்புறம் போடறேன்."

தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிக்க அரைமணி நேரமாயிற்று. ரைலி ஸாலோவில் இருந்தாள். போன வருஷம்வரை அங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை.

"நான் ஹன்னெலே. ஆர்னோவோட பொண்ணு."

மறுமுனையில் தண்ணீர் கொதித்து அடங்கும் சத்தம். "இப்பவாவது கயித்தை ஒழுங்காக் கட்டறியா?" என்றாள் ரைலி. பிறகு குரல் மாறியது. "அவருக்கு என்ன வேணுமாம்?"

"ஒரு கணக்கை நீங்க பார்க்கணுமாம்."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணேகாலுக்கு ஒரு ரயில் இருக்கு" என்றாள்.

ஹன்னெலே வெந்நீர் கொண்டுவந்து மீதிப் பாதியைச் சவரம் செய்தாள். ரைலி வருகிறாள் என்று சொன்னபோது அவர் புருவம் லேசாக உயர்ந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சுகளுக்கிடையே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. இரண்டு மணிக்குச் சற்றுமுன், அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தவளுக்கு, அது இனி வராது என்பதைப் புரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆயின. எழுந்துபோய், உயிர் வெளியே போக வழிவிடும் ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவைத்தாள். செவிலிக்குச் சொன்னாள்.

பத்து நிமிடத்தில் வாசல் மணி அடித்தது. நரைத்த குட்டைமுடியோடு ரைலி நின்றிருந்தாள். ஹன்னெலேவின் முகத்தைப் பார்த்ததும், "ஓ" என்று மட்டும் சொன்னாள்.

சமையலறையில் நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்து இல்ல" என்றாள் ஹன்னெலே. "நீங்க பார்த்தப்புறம்தான் போடுவேன்னுட்டார்."

"தொண்ணூறாம் வருஷத்துக்குள்ளயே இந்தத் துறையில எல்லாரும் இதைச் சரிபண்ணிட்டாங்கம்மா. இதை இப்ப எந்த இதழும் போடாது."

"அப்படின்னா இதை என்ன பண்றது?"

ரைலி சமன்பாட்டின் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். "பென்சில் இருக்கா?" என்றாள்.

பென்சிலை வாங்கிக்கொண்டு, கோட்டைக் கழற்றாமலே அறைக்குள் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"இன்னும் சூடு இருக்கு."

ஹன்னெலே ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் ரைலி. இடது கையை எடுக்காமல், முழங்கால்மேல் தாளை வைத்து, அந்த இரண்டாவது வரியில் இருந்த கூட்டல் குறியின் நிமிர்ந்த கோட்டைப் பென்சிலால் அடித்து, அதைக் கழித்தல் குறியாக்கத் தொடங்கினாள்.