பாசிகம்

மேலை மலையினின்று எழுந்த கருமுகில் மழையும் தாராமல் விலகவும் செய்யாமல் சங்கரன்கோவிலின்மேல் கவிந்து நிற்க, தெருத்தோறும் விசைத்தறிகள் ஓயாது இரைய, அவ்வூரின் மாலை நாளிதழாகிய ‘முழவொலி’ அச்சேறக் காத்திருந்த நண்பகல் அது. நாற்பதாண்டுகட்கு முன் அவ்விதழைத் தோற்றுவித்த ஆசிரியர் ஆறுமுகச்சாமி, பிறமொழிச் சொல் ஒன்றேனும் அதில் நுழையலாகாது என்று நோன்பு பூண்டவர். சொல் இல்லாவிடத்துத் தாமே ஒன்றைப் படைத்து மகிழ்பவர். ஊரார் அதனைக் கண்டு நகைத்தனர். ஆயினும் எத்தெருவுக்கு எந்நேரம் குடிநீர் வரும் என்பது முதற்பக்கத்தில் இருந்தமையால், அவ்விதழைப் பாராமல் குடம் எடுப்பார் இலர்.

செய்தியாளன் துரைப்பாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தான். “அண்ணாச்சி, நெசவாளர் தெருத் தொட்டியில அளவு தப்பி குளோரின அள்ளிக் கொட்டிட்டாங்க. தொட்டியக் காலி பண்ண அஞ்சு மணிக்குக் குழாயில தண்ணி விடுதாங்க. ஒருத்தரும் குடிக்கக்கூடாதுன்னு பெருசாப் போடணும்.”

ஆசிரியர் உடனே எழுதினார்: ‘நெசவாளர் தெருவில் ஐந்து மணிக்கு நீர் வரும். பாசிகம் மிகுந்துளது, பருகற்க.’

பிழை திருத்தும் ஜெயசித்ரா திகைத்தாள். “ஐயா, இது யாருக்கும் வெளங்காது. குளோரின், குடிக்காதீகன்னே போட்டிருவோமா?”

“நாற்பதாண்டு காத்த நோன்பை ஒருநாளில் கெடுக்கவோ? அறியாதார் அறிந்துகொள்வர்” என்று கடிந்தார் அவர். படிப்போரே, அச்சுக்கு ஒப்புதல் தரும் தாளில் அவள் கையெழுத்திடாது இருந்திருக்கலாம். வேலை போய்விடும் என்று அஞ்சி இட்டாள்.

மாலை ஆறு மணிக்கு, அவள் சொல் நெஞ்சை உறுத்த, ஆசிரியர் அத்தெருவுக்கு நடந்தார். ஆங்கே வீடுதோறும் பெண்டிர் குடத்து வாயில் துணிகட்டி நீரை வடிகட்டிக்கொண்டிருந்தனர். தறித் தொழிலாளி மனைவி மாரித்தாயின் மடியில், நான்கு அகவை மகள் வாய் வெந்து, மூச்சுக்குத் தவித்துக் கிடந்தாள்.

“பாசின்னு போட்டிருந்திய அண்ணாச்சி. வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டித்தான் குடுத்தேன். வாடை அடிச்சுது, பாசி வாடைன்னு நெனச்சேன். பருகன்னுதான போட்டிருந்திய?”

“பாசியன்று, அம்மா. குளோரின்” என்றார் ஆறுமுகச்சாமி.

அவ்வொரு சொல் செவிப்பட்டதும் தெருவெங்கும் குடங்கள் கவிழ்ந்தன. மாரித்தாய் மட்டும் அவரையே நோக்கினாள். “இத அப்படியே போட்டிருக்கலாம்லா?”

அவர் உடனே ஊர்தியொன்றை வரவழைத்தார். மருத்துவமனைக்கு விரைந்த ஊர்தி நகரெல்லை கடக்குமுன் சிறுமியின் மூச்சு அடங்கிற்று. ‘முழவொலி’யின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் தமிழை வியந்து எழுதுக, அதனோடு அச்சிறுமியின் பெயரையும் எழுதுக. அவள் பெயர் இசக்கிச்செல்வி.