கோடிட்ட இடம்

வியாழக்கிழமை காலை ஏழாவது ஒலிக்கோப்பைத் திறந்ததும் டாக்டர் ஒரு கொட்டாவி விட்டார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த அகராதி அதைத் தட்டச்சில் அடிக்கவில்லை. டாக்டர்கள் கொட்டாவி விடுவார்கள், பிஸ்கட்டை மென்றுகொண்டே பேசுவார்கள், வாக்கியத்தின் பாதியில் போனை எடுத்து வீட்டில் சண்டை போடுவார்கள். அதையெல்லாம் சலித்து எடுத்து, சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் பரிசோதனை அறிக்கையாக அடித்துக் கொடுப்பதுதான் அவளுக்குப் பத்தொன்பது வருஷமாக வேலை. பதினாறு ஆஸ்பத்திரிகளின் குரல் அந்த ஹெட்போனுக்குள் வந்துபோகும். நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

அகராதி என்பது அலுவலகத்தில் அவளுக்கு மரியாதையாக வைத்த பெயர். அவள் தம்பியும் அப்படித்தான் கூப்பிடுவான், ஆனால் அவன் வாயில் அது 'அகராதி பிடிச்சவ' என்பதன் சுருக்கம். ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை அவள் ஜோடி ஜோடியாக ஒரு நீல நோட்டில் எழுதி வைப்பாள். ஒவ்வொன்றும் எந்த மொழியில் பிறந்தது, என்ன அர்த்தத்தோடு கிளம்பி எங்கே வந்து நின்றது என்று பக்கத்திலேயே குறிப்பு. வேலைக்கு உதவும் என்று தொடங்கியது, பிறகு பைத்தியமாகிவிட்டது. தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு என்ன ரெட்டை?" என்பான். உடைந்த கப்பலிலிருந்து தானாக மிதந்து வருவது ஃப்ளாட்சம், பாரம் குறைய ஆளே தூக்கிக் கடலில் எறிந்தது ஜெட்சம், ஒன்றுக்கு வேர் மிதத்தல், மற்றதற்கு எறிதல் என்று அவள் ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அவனிடம் கார் பழக ஆசைப்பட்டு வருகிறவர்கள் எல்லாம் ஃப்ளாட்சம், தொல்லை தாங்காமல் வீட்டார் அனுப்பி வைக்க வருகிறவர்கள் ஜெட்சம்.

கொட்டாவியை முடித்துக்கொண்டு டாக்டர் பேசினார். ஆண், நாற்பத்தொரு வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கழுத்தின் இடப்பக்கம் கட்டி. அதற்கு மேலே காதோரமாகப் பழைய தீத்தழும்பு. செவ்வாய்க்கிழமை எடுத்த சதைத்துண்டு.

அவள் விரல்கள் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டன. அப்புறம்தான் அடித்ததை வாசித்தாள். அந்தத் தழும்பு அவள் கொடுத்தது. அவளுக்கு ஒன்பது வயதில், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா விளையாட்டுக்குத் தம்பியைத் துரத்தியபோது பட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான்.

அன்று காத்திருந்த நேரத்தில் அவன் சும்மா இராமல் ரெட்டை கேட்டான். அவளும் சும்மா இராமல் சொன்னாள். இந்த மாதிரிக் கட்டிக்கு டாக்டர்கள் எழுதும் சொற்கள் இரண்டு, வால் இரண்டுக்கும் ஒன்றே, பிளேசியா. களிமண்ணை வனைவதற்கு கிரேக்கர்கள் வைத்திருந்த சொல்லிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கும் அதன் ஒன்றுவிட்ட தம்பிதான். ஹைப்பர்பிளேசியா என்றால் உடம்பு தன் மண்ணையே கொஞ்சம் மிகையாக வனைந்துவிட்டது, பயமில்லை. நியோபிளேசியா என்றால் புதிதாக எதையோ வனைகிறது.

"புதுசுன்னா நல்லதுதானேக்கா?" என்று கேட்டான் தம்பி.

உள்ளே உன்னைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று சொல்லி அவள் பேச்சை மாற்றினாள். யாரும் கூப்பிடவில்லை. அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் செருப்பைப் பார்த்தான்.

இப்போது டாக்டர் கடைசி வரிக்கு வந்தார். அந்த இடத்தில் மட்டும் கொட்டாவி இல்லை, பிஸ்கட் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் சொல்வது போல அட்சர சுத்தமாகச் சொன்னார். அவள் பின்னால் ஓட்டிக் கேட்டாள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாகத் தன் காது பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நாலாவது முறை கேட்டாள். நியோ. புதிது.

முதல் எழுத்தை அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்து அழித்தாள். அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கேட்காத சொல்லை ஊகிக்காதே, கோடு போட்டு ஒலிக்கோப்பில் அது வரும் நேரத்தைக் குறித்து விடு, டாக்டர் நிரப்பிக்கொள்வார். கோடு போட ஒரே பொத்தான்தான். அவள் அந்தப் பொத்தானை அமுக்கி அனுப்பிவிட்டாள். அந்தச் சொல் தன் விரலால் அவன் அறிக்கையில் ஏறக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. அதனால் கட்டி கரைந்துவிடாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தாள்.

யார் அடித்ததில் கோடு இருந்தாலும், மேலே அனுப்புவதற்கு முன் சரிபார்க்கும் அம்மாள் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பாள். அவளுக்குக் கேட்டால் அவளே நிரப்பிவிடுவாள். சாயந்திரம் டீ குடிக்கும்போது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "உனக்கே கேக்கலைன்னா வேற யாருக்குக் கேக்கப்போவுது, அப்படியே அனுப்பிட்டேன்" என்றாள். அகராதி டீயைக் கீழே வைத்தாள். அப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எதைச் சொல்வது, நன்றாகக் கேட்டது என்றா? டாக்டர் நிரப்பிவிடுவார், திங்கட்கிழமை தம்பியைப் பார்க்கும்போது பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். டாக்டர்கள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். ரெட்டை கேட்கவில்லை. கழுத்தில் சின்னக் கட்டு. கையில் ஆஸ்பத்திரி உறை. கவுன்டரில் கொடுத்துவிட்டார்களாம், டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் நேரமாம். தன் வீட்டில் பிரிக்கத் துணிச்சல் வரவில்லையாம், வழியில் வண்டியை ஓரங்கட்டிப் பிரித்துப் பார்த்தானாம். சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்து, சுருளாமல் இருக்க ஒரு ஓரத்தில் தண்ணீர் டம்ளரை வைத்தான். அவள் அடித்த வரிகள். அவள் போட்ட காற்புள்ளிகள். கீழே டாக்டரின் கிறுக்கல். நடுவில் அந்தக் கோடு, போட்டது போட்டபடி.

"கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு பரீட்சை வெச்சிருக்காங்க எனக்கு" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "இது உங்க ஆளுங்க வேலைதானேக்கா? பாம்பின் கால் பாம்பறியும்னு உன்கிட்ட எடுத்துட்டு வந்தேன். இங்க என்ன வார்த்தை வரும்?"

அவள் திங்கட்கிழமை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றாள். சாப்பிடுகிறாயா என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ரெண்டுல ஒண்ணுதான்க்கா. எனக்குத் தெரியும், நீதான சொல்லிக் குடுத்த." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினான். பிறகு கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அளந்தான். விரல் போதவில்லை, நடுவிரலையும் சேர்த்தான். இரண்டு சொற்களையும் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கோடு நீளமாத்தான் இருக்கு" என்றான். "அந்தச் சின்ன வார்த்தைக்கு இவ்ளோ இடம் எதுக்கு? பெரிய வார்த்தைதான் இங்க உக்காரும். பயமில்லாததுதான் பெருசு, இல்லக்கா?"

அந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தச் சொல்லுக்கும் ஒரே அளவுக் கோடுதான் விழும். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அது தெரியும். தம்பி விரல்களை எடுக்கவில்லை. மூடி கழற்றிய பேனா சரிந்து உருண்டு வந்து அவள் கையில் முட்டி நின்றது.